தையில் வரும் பணமும் பன்னிரண்டு மாதமும்



மேலூர் வட்டாரம் பெரியாற்று நீரை நம்பி வாழும் பூமி. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், மலைக்கு அப்பால் ஓடிய தண்ணீர் கிழக்கே திரும்பி, வைகையில் கலந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே நம் வயல்களுக்கு வந்து சேர்கிறது. ஆயினும் அந்த நீர் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள நிலங்கள் இரு போகம் காண்பவை. அதற்குக் கீழே உள்ள மேலூர்ப் பகுதி ஒரு போக நிலம். ஆவணி, புரட்டாசியில் கால்வாயில் தண்ணீர் வந்தால் தை, மாசியில் அறுவடை. தண்ணீர் வராத ஆண்டில் அதுவும் இல்லை.

இங்கே விளையும் பொங்கல் கரும்பின் கதையும் இதுவேதான். ஏறத்தாழப் பத்து மாதங்கள் கரணை நட்டு, நீர் பாய்ச்சி, தோகை உரித்துக் காத்து நிற்கும் உழவருக்குப் பணம் வருவது மார்கழிக் கடைசியில் ஒரே மூச்சில். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், அரசின் பொங்கல் பரிசுத் தொகுப்பில் கரும்பு இல்லை என்று முதலில் அறிவிப்பு வந்தபோது கரும்பு விவசாயிகள் எவ்வளவு கலங்கினர் என்பதை நாம் அறிவோம். அந்த மாத இறுதியில் கரும்பும் சேர்க்கப்பட்டது, மூச்சு திரும்பியது. ஓர் அறிவிப்பில் ஓர் ஆண்டு வாழ்வு ஊசலாடியது!

நிலமில்லாத நம் குடும்பங்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. உழவர் கையில் பணம் புழங்கினால்தான் துணிக்கடையில் வியாபாரம், தையற்காரருக்குத் துணி, இறைச்சிக் கடையில் கூட்டம். ஒரு போக ஊரில் கடை வைத்திருப்பவரின் வருமானமும் ஒரு போக வருமானமே ஆகும். ஆனால் அடுப்பு பன்னிரண்டு மாதமும் எரிந்தாக வேண்டும். இந்த முரண்பாட்டை எவ்வாறு சமாளிப்பது என்பதே இம்மாதம் நாம் சிந்திக்கவிருக்கும் பொருள்.

யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியம்

திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எகிப்து மன்னரின் கனவு கூறப்படுகிறது. ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்றுவிட்ட அந்தக் கனவுக்கு நபி யூசுஃப் (அலை) அவர்கள் விளக்கம் மட்டும் சொல்லவில்லை. ஒரு திட்டத்தையும் சொன்னார்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளும் பயிர் செய்ய வேண்டும். உண்பதற்குத் தேவையான சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரோடு விட்டுவைக்க வேண்டும். பின்னர் வரும் ஏழு பஞ்ச ஆண்டுகள் அதைத் தின்று தீர்க்கும். அப்போதும் ஒரு சிறு பகுதி எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அத்திட்டம்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மிச்சம் இருந்தால் சேமிப்போம் என்று அவர்கள் கூறவில்லை. உண்பதன் அளவைத்தான் முதலில் குறைத்தார்கள். இரண்டாவது, கதிரோடு வைத்தால் தானியம் கெடாது. சேமிப்பு எங்கே, எப்படி இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் அடங்கும். மூன்றாவது, பஞ்சத்தின் உச்சத்திலும் எல்லாவற்றையும் தின்றுவிடக் கூடாது. ஏதேனும் கொஞ்சம் தங்க வேண்டும்.

சேமித்து வைப்பது அல்லாஹ்வின்மீது வைக்கும் நம்பிக்கைக்கு மாறானது என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்குரிய உணவை எடுத்து வைத்த செய்தி உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரீ நூலில் பதிவாகியுள்ளது. தவக்குல் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று.

இரண்டு நாட்காட்டிகளில் ஒரு வீடு

முஸ்லிம் குடும்பத்தின் வரவு செலவில் மற்றோர் சிக்கல் உண்டு. அதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் வருமானம் சூரிய ஆண்டைப் பின்பற்றி வருகிறது. சம்பளம், அறுவடை, பள்ளிக் கட்டணம் யாவும் அதன்படியே. ஆனால் நம் நோன்பும் பெருநாட்களும் பிறையைப் பின்பற்றி வருகின்றன. பிறை ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பெருநாள் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்ந்துவிடுகிறது. சுமார் 33 ஆண்டுகளில் அது எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும்.

இதன் விளைவைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டில் தமிழகத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7-ஆம் நாள் வந்தது. பள்ளிகள் திறந்ததோ ஜூன் 2. ஒரே வாரத்தில் குர்பானியும், புதுத்துணியும், பள்ளிச் சீருடையும், நோட்டுப் புத்தகமும், கட்டணமும்! அந்த வாரத்தில் அடகுக் கடைப் படியேறிய குடும்பங்கள் எத்தனையோ! அது எதிர்பாராத செலவா? இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கிட்டுச் சொல்லக்கூடிய செலவு. இன்னும் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 2030-ஆம் ஆண்டில் ரமளான் இருமுறை தொடங்கும். ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று. டிசம்பர் இறுதியில் மற்றொன்று. பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறலாம், மாதம் மாறாது.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு மாதச் செலவுப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதுவே நம்மைக் கடனில் தள்ளும் குழி. எனவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பெருநாட்களின் துணிமணிக்கு 9,000 ரூபாய். கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கிற்கு 4,000. பள்ளித் திறப்புச் செலவு 12,000. வீட்டுப் பழுது, வரி முதலியவற்றுக்கு 3,500. உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு 7,500 என்று ஒரு குடும்பம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 36,000 ரூபாய். இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000. இந்த 3,000 ரூபாய் சேமிப்பு அன்று. அது தள்ளிப்போடப்பட்ட செலவு. அதைத் தனி உண்டியலில், அல்லது தனிக் கணக்கில் மாதந்தோறும் போட்டு வருவோருக்குப் பெருநாள் பெருநாளாகவே வரும்; கடன்காரனாக வராது.

மிக நீண்ட வசனம்

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மதரஸா மாணவர்களிடம் கேட்டால், தொழுகை என்பான் ஒருவன். சொர்க்கம் என்பான் மற்றொருவன். அது அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது! சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் தவணையோடு எழுதிவைக்கச் சோம்பக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. வணக்க வழிபாட்டுக்கு அளிக்கப்பட்ட வசனங்களைவிட நீளமான வசனம் கணக்குக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்றால், நம் வீடுகளில் ஒரு கணக்கு நோட்டுகூட இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய குறை!

சகோதரிகள் சிலர் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், வருவதே வாய்க்கும் வயிற்றுக்கும் போதவில்லை. இதில் எதைச் சேமிப்பது? எதை எழுதுவது?” நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொற்பொழிவில் இல்லை, நோட்டில்தான் இருக்கிறது. ஒரு மாதம், ஒரே ஒரு மாதம், பத்து ரூபாய்ச் செலவையும் விடாமல் எழுதிப் பாருங்கள். குடும்பத் தலைவர் கடைவீதியில் நாளொன்றுக்குத் தேநீருக்கும் வடைக்கும் 60 ரூபாய் செலவிடுகிறார் என்று கொள்வோம். அது ஆண்டுக்கு 21,900 ரூபாய். தேநீர் அருந்தாதீர் என்று நான் கூறவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றுதான் நம் முன்னோர் சொன்னார்கள். எவ்வளவு போகிறது என்று தெரிந்து செலவிடுவது வேறு. தெரியாமல் கரைவது வேறு.

மாதம் 20,000 ரூபாய் வருமானமுள்ள ஒரு குடும்பத்தின் பட்டியலை எண்ணிப் பார்ப்போம். வாடகை 4,000, அரிசி, மளிகை 5,000, பால், காய்கறி, இறைச்சி, மீன் 4,000, மின்சாரம், எரிவாயு, கைபேசி 1,500 (மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவதால் அதில் பாதியை ஒவ்வொரு மாதமும் எடுத்து வைக்க வேண்டும்), போக்குவரத்து 1,000. ஆக 15,500 ரூபாய். மேலே சொன்ன ஆண்டுச் செலவு உண்டியலுக்கு 3,000, மருத்துவத்திற்கு 500, தர்மத்திற்கு 200. மீதம் 800 ரூபாய். அதுவே உண்மையான சேமிப்பு.

எண்ணூறு ரூபாயால் என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? ஐந்து ஆண்டுகளில் 48,000 ரூபாய். அந்தக் குடும்பத்தின் மூன்று மாத அன்றாடச் செலவு 46,500. அதாவது, வேலை போனாலும், கடை மூடினாலும், மூன்று மாதங்கள் யார் வாசலிலும் நிற்காமல் வாழலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த 800 ரூபாயை மாதத்தின் கடைசியில் தேடக் கூடாது. முதல் நாளிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும்.

மாதச் சம்பளம் இல்லாத கரும்பு உழவரும் தையற்காரரும் என்ன செய்வது? தையில் கைக்கு வரும் பணத்தில், விதை, உரம், கூலி, கடன் யாவும் கழித்து 1,80,000 ரூபாய் நின்றால், அது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் அன்று. மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளம். அவ்வாறே எண்ணி, மாதந்தோறும் தமக்குத் தாமே சம்பளம் எடுத்துக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் இரவு பகலாகத் தைக்கும் தையற்காரரும் அந்த மாத வருமானத்தை அந்த மாதத்திற்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. கொழுத்த பசு எப்போதும் மெலிந்த பசுவுக்கும் சேர்த்தே மேய்கிறது.

அழகர்கோவில் பக்கத்து மூதாட்டி

நம் ஊருக்கு அண்மையிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அழகர்கோவில் சாலைப் பக்கம் உள்ள பில்லுசேரி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் சின்னப்பிள்ளை. சொந்த நிலம் இல்லாத விவசாயக் கூலித் தொழிலாளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். 1990-களின் தொடக்கத்தில் தம் ஊர்ப் பெண்களைச் சேர்த்து, மாதத்திற்குச் சில பத்து ரூபாய்களைப் போட்டுச் சேமிக்கும் குழுவை உருவாக்கினார். அந்தக் குழுவுக்குக் ‘களஞ்சியம்’ என்றே பெயர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997-இல் தொடங்கப்பட்ட தானம் அறக்கட்டளையின் வழியாக அந்த இயக்கம் பல மாநிலங்களுக்குப் பரவிற்று. 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தில்லியில் ஸ்திரீ சக்தி விருதை வழங்கியபோது, அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய், அந்தக் கூலிப் பெண்ணின் காலைத் தொட்டு வணங்கியதை நாடே பார்த்தது. 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

கந்துவட்டிக்காரரின் பிடியிலிருந்து பெண்களை விடுவித்தது பெரிய மூலதனம் அன்று. தவறாமல் கூடுவது, தவறாமல் போடுவது, எல்லோர் முன்னிலையிலும் கணக்கை வாசிப்பது, இம்மூன்றும்தான். எழுத்தறிவு இல்லாதவர்கள் இதைச் செய்ய முடிந்ததென்றால், பட்டம் பெற்ற பெண்மக்கள் நிறைந்த நம் மஹல்லாக்களில் ஏன் முடியாது?

இங்கே இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, சேமிப்பு ஒன்றே வறுமை அனைத்தையும் தீர்த்துவிடாது. அத்தனை பேருக்குச் சேமிக்கக் கற்றுத் தந்த அந்த மூதாட்டிக்கே சரியான வீடு இல்லை என்ற செய்தி வந்து, 2024-ஆம் ஆண்டில்தான் வீடு கட்டித் தரும் உத்தரவைத் தமிழக அரசு பிறப்பித்தது. கூலி குறைவாக இருக்கும்போது சிக்கனத்தால் மட்டும் மாளிகை எழும்பாது. ஆயினும் சேமிப்பு ஒருவரைத் தலைநிமிர்ந்து பேச வைக்கிறது. அது சிறிய பயன் அன்று. மற்றொன்று, அத்தகைய குழுக்கள் உறுப்பினருக்கு வட்டிக்கே கடன் கொடுக்கின்றன. வட்டி நமக்கு விலக்கப்பட்டது. ஆகவே அவர்களின் ஒழுங்கை எடுத்துக்கொண்டு, வட்டியை விட்டுவிட வேண்டியது நம் பொறுப்பு.

அதற்கு வழி உண்டா? உண்டு. முன்னாளில் நம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்தார்கள். அந்தப் பிடியரிசியால் பல ஊர்களில் மதரஸாக்கள் நடந்தன, அனாதைகள் உண்டார்கள். அதே பிடியரிசியின் வளர்ந்த வடிவமே பைத்துல்மால். கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பைத்துல்மால்கள் வட்டியில்லாக் கடன் வழங்கி வருவதைப் பலரும் அறிவர். பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டு, குலுக்கலில் வருபவருக்கு 10,000 ரூபாயை முழுமையாகக் கொடுக்கும் சீட்டையும் உலமாக்கள் பலர் அனுமதிக்கின்றனர். அதில் யாருக்கும் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தள்ளுபடி கேட்டு ஏலம் எடுக்கும் சீட்டு அவ்வாறன்று. அதில் வட்டியின் சாயல் இருப்பதால் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் கேட்ட பின்னரே முடிவு செய்யுங்கள்.

கடல் கடந்த மலேசியாவிலும் ஒரு சான்று உண்டு. கிராமப்புற மலாய் மக்கள் வட்டிக்கு அஞ்சி வங்கியை ஒதுக்கி, பணத்தை வீட்டிலேயே பதுக்கி, ஹஜ் செல்வதற்காக நிலத்தையும் கால்நடையையும் விற்று, திரும்பி வந்து வறுமையில் வாடினர். பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959-இல் இதற்கொரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதன்படி 1963-இல் ஹஜ்ஜுக்காகச் சேமிக்கும் நிறுவனம் தோன்றிற்று; அதுவே இன்று தபுங் ஹாஜி என அறியப்படுகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்தே ஹஜ் செய்தோர் அங்கே இலட்சக்கணக்கானோர். அத்தகைய பெரிய நிறுவனத்திலும் 2018-இல் சொத்தைவிடப் பொறுப்புகள் மிகுந்து அரசு தலையிட நேர்ந்தது. நல்ல நோக்கம் மட்டும் போதாது. தணிக்கையும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

நூறு நாள் கடன்

கடைவீதியில் அன்றாடம் நடக்கும் ஒரு கணக்கைப் பார்ப்போம். சிறு வியாபாரி ஒருவர் 10,000 ரூபாய்க் கடன் கேட்கிறார். 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தரப்படுகிறது. அவர் நாள்தோறும் 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் கட்ட வேண்டும். மாலையில் வந்து வாங்கிக்கொண்டு அட்டையில் குறித்துவிட்டுப் போவார்கள். ஆண்டுக்கு மூன்று முறை இப்படி வாங்கினால் 4,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அது தாம் வாங்கிய முதலில் பாதிக்கும் மேல்!

இப்போது இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். நாள்தோறும் 100 ரூபாய் கட்ட முடிந்தவர், அந்த நூறு ரூபாயைத் தமக்குத் தாமே கட்டியிருந்தால், 85-ஆம் நாளில் அதே 8,500 ரூபாய் அவருடைய சொந்தப் பணமாக இருந்திருக்கும். அதன்பின் அவருக்கு அந்த அட்டையே வேண்டாம். கடன்காரருக்குத் தவறாமல் கட்டும் நாம் நமக்கு மட்டும் ஏன் தவணை தவறுகிறோம்? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தம் உள்ளத்திடம் கேட்க வேண்டும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடுக்க 2003-ஆம் ஆண்டிலேயே தமிழகத்தில் சட்டம் வந்துவிட்டது. சிக்கியவர் புகார் கொடுக்க வழி உண்டு. ஆனால் புகார் கொடுக்கும் நிலைக்கு முன்பே மஹல்லா உதவ வேண்டாமா? கடன்பட்டு இறந்தவருக்கு அண்ணலார் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகை நடத்தத் தயங்கி நிற்க, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழுவித்த வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். அதில் கடன்படுபவருக்கு எச்சரிக்கையும் உண்டு. சுற்றியிருப்போருக்குக் கடமையும் உண்டு.

‘ஹலால்’ என்னும் பலகை

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. இதில்தான் நம் சமுதாயம் மிகப்பெரிய அடிகளை வாங்கியிருக்கிறது. 1990-களில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் சரிந்ததால், 1997-இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னரும் தேக்கு மரத் தோட்டம் என்றார்கள், 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழி என்றார்கள், பணம் போயிற்று. இவை எல்லாச் சமயத்தாரையும் ஏமாற்றியவை. ஆனால் நம்மை மட்டும் குறிவைத்த ஒன்றும் உண்டு. பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், வட்டி இல்லை, ஹலாலான இலாபப் பங்கு என்று கூறி முதலீடு திரட்டிற்று. 2019 ஜூன் மாதத்தில் அதன் தலைவர் நாட்டைவிட்டு வெளியேறினார். மறு மாதம் தில்லியில் பிடிபட்டார். புகார் மனுவுடன் வரிசையில் நின்ற பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மகளின் திருமணத்திற்கு வைத்த பணம், விதவைப் பெண்ணின் நகை, ஓய்வுபெற்றவரின் பணிக்கொடை எல்லாம் அதில் அடக்கம்.

சகோதர சகோதரிகளே! தாடியும் தொப்பியும் தணிக்கை அறிக்கை ஆகா. மாதந்தோறும் நிச்சயமாக இவ்வளவு இலாபம் என்று ஒருவர் வாக்களித்தால், முதலில் மார்க்கமே அதை மறுக்கிறது. முளாரபா என்னும் கூட்டு வியாபாரத்தில் இலாபத்தின் விகிதத்தைத்தான் பேசலாம். நிச்சயத் தொகையைப் பேச இயலாது. நட்டம் வந்தால் முதலும் குறையும். நிச்சய இலாபம் என்று சொல்லப்படும் இடத்தில் ஒன்று வட்டி இருக்க வேண்டும். அல்லது பொய் இருக்க வேண்டும்.

வங்கியில் போட்ட பணத்திற்கு 2020 பிப்ரவரியிலிருந்து ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பாதுகாப்புக்காக வங்கியில் வைப்போர், சேரும் வட்டியைத் தம் செலவில் கலக்காமல் பிரித்து, நன்மையை எதிர்பாராது ஏழைகளின் தேவைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உலமாக்கள் பலர் கூறுகின்றனர். தங்கமாக வைப்போர் கூலி, சேதாரம் மிகுந்த நகையைவிட நாணயமாக வைப்பது நலம். விற்கும்போது கூலியும் சேதாரமும் திரும்பி வருவதில்லை. ஓராண்டு கடந்து நிஸாபை எட்டிய சேமிப்புக்கு இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு என்பதையும் மறவாதீர். அணியும் நகைக்கும் ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதிக்கப்பட்ட அளவில் அணியும் நகைக்கு இல்லை. எடுத்து வைப்பதும் எடுத்துக் கொடுப்பதும் சேர்ந்ததே இஸ்லாமியச் சிக்கனம்.

கணக்கில் மனைவிக்கும் பங்கு

பல வீடுகளில் கணவரின் வருமானம் மனைவிக்குத் தெரியாது. மனைவி வாங்கிய தவணைப் பொருள் கணவருக்குத் தெரியாது. வீட்டுக்கு இரண்டு கணக்குகள் இருந்தால் உண்மை எதிலும் இராது. ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் தேவைக்குக் கொடுப்பதில்லை என்று முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். செலவு செய்யும் உரிமையும் அளவறிந்து செய்யும் கடமையும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படத் தொடங்கியபோது, அதை மளிகைக் கடைப் பாக்கியில் கரைத்தவர்களும் உண்டு. தனியே சேர்த்துத் தையல் இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு. தொகை ஒன்றே, வேறுபட்டது திட்டம்.

பிள்ளைகளையும் அருகில் உட்கார வையுங்கள். “அத்தா, எனக்கு அந்தச் செருப்புத்தான் வேண்டும்” என்று அழும் பிள்ளைக்கு, முடியாது என்று அதட்டுவதைவிட, நோட்டைக் காட்டி, “இந்த மாதம் இவ்வளவுதான் இருக்கிறது, அடுத்த மாதம் வாங்கலாமா, நீயே சொல்” என்று கேட்டுப் பாருங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பதை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுதும் மறக்காது.

திருமணச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாண்டுச் சேமிப்பை ஒரே நாள் பந்தலில் எரித்துவிடும் வழக்கமும், மணமகனுக்குக் கைக்கூலி கொடுக்கும் இழிவும் நீங்காத வரை, பெண் பிள்ளை பெற்ற வீட்டுக்கு எந்த வரவு செலவுத் திட்டமும் முழுப் பயன் தராது. மஹர் கொடுக்க வேண்டியவர் மணமகன். அதைத் தலைகீழாக்கிவிட்டு, சேமிப்பைப் பற்றிப் பெண் வீட்டாருக்கு உபதேசம் செய்ய நமக்கு என்ன தகுதி இருக்கிறது? ஜமாஅத்தார் ஒன்றுகூடி ஒரு மஹல்லாவில் கைக்கூலியை நிறுத்தினால், அது நூறு வீடுகளுக்கு ஒரே நாளில் கிடைத்த சேமிப்பாகும்.

வாசகர்களே, இம்மாதம் செய்ய வேண்டியவை மூன்றே மூன்று. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஆண்டுச் செலவுகளைப் பட்டியலிட்டுப் பன்னிரண்டால் வகுத்து முதற்பக்கத்தில் எழுதுங்கள். மாதம் பிறந்த முதல் நாளில், பால்காரருக்குக் கொடுக்கும் முன்பே, உங்கள் சேமிப்பை எடுத்து வையுங்கள். ஐம்பது ரூபாயானாலும் சரி. வீண்விரயம் செய்யாமலும் கஞ்சத்தனம் செய்யாமலும் இரண்டுக்கும் இடைப்பட்ட நேர்வழியில் நடப்போரைத் திருமறை அர்ரஹ்மானின் அடியார்களாகச் சிறப்பிக்கிறது. அந்தக் கூட்டத்தில் நம் இல்லங்களையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! கடன் சுமையிலிருந்து நம்மையும் நம் மக்களையும் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.